துகள் சிறுத்ததால் மட்டும் காந்தம் குறைவதில்லை

எம்.எஸ்ஸி. மாணவர்களின் திட்டக் கட்டுரைகளுக்குப் புறத்தேர்வாளராகச் சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் பக்கமெல்லாம் போய் வருகிறேன். இரும்பு ஆக்சைடு நானோ துகள் இல்லாத வருடமே கிடையாது. ஃபெரிக் குளோரைடு, ஃபெரஸ் சல்ஃபேட், அமோனியா மூன்றும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கும். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் பீக்கரின் அடியில் கருகருவென்று வீழ்படிவு இறங்கிவிடும். வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டினால் அத்தனையும் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பை விட மனசு வராது. நொய்யல் கரைப் பிள்ளைகளுக்கோ சாயத்தண்ணி என்பது பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களை வீட்டில் பேசக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். சாயத்தைப் பிடித்துக்கொண்டு காந்தத்தோடு வெளியே வந்துவிடும் பொடி என்றால் ஆர்வம் வரத்தானே செய்யும்?

அந்தக் கட்டுரைகளில் முடிவுகளை விளக்கும் அத்தியாயத்துக்கு வந்ததும் ஒரு வாக்கியம் தவறாமல் நிற்கும்: “துகளின் அளவு சிறியதாக இருப்பதால் காந்தமாக்கம் குறைந்துள்ளது.” அதற்குப் பிறகு அடுத்த படம், அடுத்த அட்டவணை. எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

போன பருவத்தில் ஒரு மாணவி நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். மேக்னடைட் என்பது கருப்பு இரும்பு ஆக்சைடு. அதன் பெருந்திண்மத்துக்கு, அதாவது நானோவாக நொறுங்காத முழுக் கட்டிக்கு, அறை வெப்பநிலையில் தெவிட்டு காந்தமாக்கம், அதாவது புலத்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாத காந்த அளவு, கிராமுக்கு 92 ஈஎம்யூ (காந்தத்தை அளக்கும் அலகு). அவளுடைய பொடிக்கு ஐம்பதுக்குச் சற்று மேலே வந்திருந்தது.

“மீதி எங்க போச்சு கண்ணு?” என்று கேட்டேன்.

“சைஸ் கம்மியாயிருச்சுங்க மேடம், அதனால மேக்னடைசேஷனும் கம்மியாயிருச்சுங்க.”

“சைஸ் கம்மியானா ஏன் கம்மியாகோணும்?”

அவள் யோசித்தாள். நல்ல பிள்ளை. கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் பதில் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவளுக்கும் அவளைப் போன்ற மற்றவர்களுக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் கஞ்சமலை அடிவாரம். அந்த மலையின் பாறை மேக்னடைட்டும் குவார்ட்ஸும் அடுக்கடுக்காகக் கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை போட்டபோது சேலத்துக் கனிமத்தைத்தான் நம்பினார். அதற்கும் இரண்டாயிரம் வருடம் முன்பே சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மழை பெய்து ஓடை வற்றியதும் மணலில் கருப்புக் கோடு விழும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதில் இழுத்தால் மயிர் முளைத்தது போலக் கரும்பொடி ஒட்டிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்துச் செம்மண்ணில் இழுத்தால் ஒட்டுவது மிகக் கொஞ்சம். செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது ஹெமடைட். அதுவும் இரும்பும் ஆக்சிஜனும்தான். ஓடையில் கிடக்கும் கரும்பொடியும் அதே இரும்பும் ஆக்சிஜனும்தான். ஒன்று காந்தத்தைத் தேடி ஓடுகிறது, மற்றது அசைவதில்லை. இதில் துகளின் அளவுக்கு வேலையே இல்லை. அணுக்கள் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. நானோ உலகத்துக்குள் போனதும் இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம் என்பதே என் ஆதங்கம்.

மேக்னடைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் படிகத்தில் ஆக்சிஜன் அயனிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் உள்ள பொந்துகளில் இரும்பு உட்கார்கிறது. பொந்துகளில் இரண்டு வகை. நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தது நான்முகி இடம், ஆறு ஆக்சிஜன் சூழ்ந்தது எண்முகி இடம். 0.84 நானோமீட்டர் பக்கமுள்ள ஓர் அலகுக் கூட்டில் 32 ஆக்சிஜன், 24 இரும்பு. அந்த 24இல் 8 நான்முகி இடத்தில், 16 எண்முகி இடத்தில். நான்முகியில் இருப்பவை எல்லாம் மூன்று மின்னூட்டமுள்ள ஃபெரிக் அயனிகள். எண்முகியில் பாதி ஃபெரிக், பாதி இரண்டு மின்னூட்டமுள்ள ஃபெரஸ். இதைத் தலைகீழ் ஸ்பினல் என்பார்கள்.

காந்தம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒவ்வொரு ஃபெரிக் அயனிக்கும் 5 போர் மேக்னடான் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு), ஃபெரஸுக்கு 4. நான்முகி இரும்புக்கும் எண்முகி இரும்புக்கும் நடுவே ஆக்சிஜன் இருக்கிறது. இரும்பு–ஆக்சிஜன்–இரும்பு என்ற அந்தப் பிணைப்பின் கோணம் ஏறக்குறைய 125 பாகை. இந்தக் கோணத்தில் ஆக்சிஜன் வழியாக நடக்கும் பரிமாற்றம் இரண்டு இரும்பையும் எதிரெதிர்த் திசையில் நிறுத்திவிடுகிறது. எண்முகி இரும்புகளுக்கு இடையே கோணம் 90 பாகை, அங்கே பிணைப்பு பலவீனம். ஆகவே நான்முகிக் கூட்டம் முழுக்க ஒரு திசை, எண்முகிக் கூட்டம் முழுக்க எதிர்த்திசை. ஒரு மூலக்கூறு வாய்பாட்டுக்குக் கணக்குப் போட்டால் எண்முகியில் 5 கூட்டல் 4, நான்முகியில் 5. கழித்தால் மிச்சம் 4. அந்த 4 போர் மேக்னடானைக் கிராமுக்கு மாற்றினால் 96 ஈஎம்யூ சொச்சம் வரும். அறை வெப்பநிலையின் அலைக்கழிப்பில் அது 92 ஆகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1948இல் இந்த எதிரெதிர் அணி விளக்கத்தைக் கொடுத்தார், அதற்கு ஃபெரி காந்தம் என்று பெயரிட்டார். 1970இல் நோபல் பரிசு பெற்றார். பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கில் ஒரு கல்லின் குணம் வந்து விழுகிறது. ஒவ்வொரு வருடமும் இதைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

இந்தக் கழித்தலைப் பிடித்துக்கொண்டால் மற்றவையெல்லாம் கூடவே வரும். ஹெமடைட்டில் இரும்பு எல்லாமே எண்முகி இடம், எல்லாமே ஃபெரிக், இரண்டு சம அணி. 5இலிருந்து 5 போனால் பூஜ்யம். அறை வெப்பநிலையில் இரண்டு அணியும் மிகச் சிறிய அளவு சாய்ந்திருப்பதால் கிராமுக்கு அரை ஈஎம்யூகூட இல்லாத மிச்சம் ஒன்று கிடைக்கிறது, அவ்வளவுதான். மேகமைட் என்பது ஆக்சிஜன் ஏறிய மேக்னடைட். ஃபெரஸ் எல்லாம் ஃபெரிக்காக மாறி, மின்னூட்டத்தைச் சரிக்கட்ட எண்முகி இடங்களில் சில காலியாகிவிடும். அலகுக் கூட்டில் 24 இருந்த இடத்தில் 21⅓ இரும்பு. குறைந்தது பெரிய அணியில் என்பதால் கழித்தலின் மிச்சமும் குறைகிறது. பெருந்திண்ம மேகமைட்டே அறை வெப்பநிலையில் 75 ஈஎம்யூ அளவில்தான் நிற்கும்.

இப்போது அந்த மாணவியின் பொடிக்கு வருகிறேன். அவள் தன் கட்டுரை முழுக்க “மேக்னடைட்” என்றே எழுதியிருந்தாள். எக்ஸ்ஆர்டி, அதாவது படிகத்தில் எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களைக் காட்டும் வரைபடம், தரவு அட்டையோடு பொருந்தியது, அதுதான் ஆதாரம். ஆனால் பத்து நானோமீட்டர் துகளில் எக்ஸ்ஆர்டியை மட்டும் வைத்து மேக்னடைட்டா மேகமைட்டா என்று தீர்ப்பு சொல்வது மிகக் கடினம். தாமிர இலக்கு வைத்த கருவியில் முக்கியமான 311 உச்சி மேக்னடைட்டுக்கு 35.4 பாகையில் வரும், மேகமைட்டுக்கு 35.6 பாகையில் வரும். இடைவெளி 0.2 பாகை. உச்சியின் அகலத்தையும் படிகத்தின் அளவையும் இணைக்கும் ஷெரர் சமன்பாட்டின்படி, பத்து நானோமீட்டர் படிகத்துக்கு அந்த உச்சியின் அகலம் மட்டுமே 0.8 பாகை. அகலத்தில் கால் பங்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதிரித் தட்டில் பொடியின் மட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே அந்த அளவுக்கு நகரும். தரவு அட்டையில் பக்கத்து எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் பொருந்தியிருக்கும்.

அவளிடம் பொடியைக் கொண்டுவரச் சொன்னேன். குப்பியில் இருந்தது பழுப்பு. “பண்ணின அன்னைக்கு என்ன கலரு?” “கருப்புங்க மேடம்.” மேக்னடைட்டின் கருப்புக்குக் காரணமே எண்முகி இடங்களில் ஃபெரஸுக்கும் ஃபெரிக்குக்கும் நடுவே தாவும் எலக்ட்ரான்தான். ஃபெரஸ் தீர்ந்துபோனால் கருப்பும் போய்விடும். அடுப்பில் காயவைத்து, குப்பியில் அடைத்து, கூரியரில் அனுப்பி, கருவி மையத்தில் வரிசையில் காத்திருந்து வி.எஸ்.எம். என்ற காந்தமானியில் அளவு எடுக்கப்படுவதற்குள் அந்தப் பொடி பெரும்பாலும் மேகமைட் ஆகியிருக்கும். சிறிய துகளில் ஃபெரஸ் மேற்பரப்புக்கு வரக் கடக்க வேண்டிய தூரம் குறைவு, அதனால் சாதாரண அறைக் காற்றிலேயே இது நடக்கிறது. ஆக 92இலிருந்து 75 வரைக்குமான இறக்கத்தை அளவின் மேல் எழுதவே கூடாது. அது பொருளே மாறியதால் வந்த இறக்கம். சிறுத்தது அந்த மாற்றத்துக்கு வழிவிட்டது என்று சொல்லலாம், அது வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கவனிக்காதவர்கள் மிக அதிகம். கிராமுக்கு என்கிறோமே, எதன் கிராமுக்கு? துகளின் மேல் ஒட்டிய நீர், சிட்ரேட், ஒலிக் அமிலம், கழுவாமல் நின்ற உப்பு எல்லாம் தராசில் ஏறும், காந்தத்தில் ஏறாது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு இவையென்றால் சுத்தமான மேக்னடைட்கூட 92க்குப் பதில் 74 காட்டும். சூடாக்கி எடை இழப்பைப் பார்க்கும் டிஜிஏ அளவீடு ஒன்று எடுத்துத் திருத்திவிட்டால் தீர்ந்தது. பிள்ளைகள் அந்த டிஜிஏ படத்தையும் வேறொரு அத்தியாயத்தில் போட்டிருப்பார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகும் மிச்சமிருக்கும் இறக்கத்துக்குத்தான் மேற்பரப்பைக் கூப்பிட வேண்டும். துகளின் விளிம்பில் இருக்கும் இரும்புக்கு ஒரு பக்கம் ஆக்சிஜன் இல்லை, ஆகவே அதை நிறுத்திவைக்கும் பரிமாற்றப் பிணைப்பில் சில அறுந்துபோகின்றன. அதன் தற்சுழற்சி, அதாவது அந்த அணுவின் குட்டிக் காந்தம், உள்ளே இருப்பவற்றோடு நேர்க்கோட்டில் நிற்காமல் சாய்கிறது. 1971இல் கோயி என்பவர் மிக நுண்ணிய மேகமைட் துகள்களை வலுவான காந்தப்புலத்தில் வைத்து, காமா கதிரால் இரும்பின் அணுக்கருவைச் சோதிக்கும் மாஸ்பவர் நிறமாலை எடுத்தார். அவ்வளவு புலத்திலும் எல்லா இரும்பும் நேராகவில்லை என்று காட்டினார். ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள தோல் முழுக்கக் காந்தத்துக்கு உதவாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நானோமீட்டர் துகளில் அந்தத் தோல் கனஅளவில் 6 விழுக்காடு. இருபதில் 27. பத்தில் 49. ஐந்தில் 78. அளவு குறையக் குறைய இறக்கம் ஏன் வேகமெடுக்கிறது என்பது இதில் தெரிகிறது. “அளவினால் குறைந்தது” என்று எழுதும் பிள்ளைகளின் மனதில் மங்கலாக இருப்பது இந்தப் படம்தான்.

ஆனால் அந்தத் தோலின் தடிப்பு விதிக்கப்பட்ட ஒன்று கிடையாது. ஒலிக் அமிலம் மேற்பரப்பு இரும்போடு நன்றாகப் பிணைந்த மாதிரிகளில், பத்து நானோமீட்டருக்கும் கீழான துகள்களிலேயே பெருந்திண்மத்தை நெருங்கும் காந்தமாக்கம் அளக்கப்பட்டிருக்கிறது. விட்டுப்போன ஆக்சிஜனின் இடத்தை அமிலத்தின் ஆக்சிஜன் நிரப்புகிறது. ஆக இரண்டு பொடிகள் அளவில் ஒன்றாக இருந்தும் காந்தத்தில் பாதிக்குப் பாதி வேறுபடலாம்.

உள்ளே இருக்கும் பிசகுகள்தான் என்னை அதிகம் இழுக்கின்றன. மேற்பரப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், துகளின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதில் முக்கியமானது எதிர்க்கட்ட எல்லை. இதை விளக்க எங்கள் பக்கத்து இளம்பிள்ளைத் தறியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஜக்கார்டு தறியில் பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் அட்டை சில இழை தள்ளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். பாவு அறுபடவில்லை, துணி கிழியவில்லை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் டிசைன் சுத்தம், அந்தப் பக்கமும் சுத்தம். கோட்டில் மட்டும் பூவின் பாதி இதழோடு இன்னொரு பூவின் காம்பு வந்து முட்டும். படிகத்தில் பாவுக்குப் பதில் ஆக்சிஜன் அடுக்கு, அது தொடர்ச்சியாகவே இருக்கும். டிசைனுக்குப் பதில் இரும்பு உட்காரும் இடங்கள், அவைதான் தள்ளிப்போகின்றன.

காந்தத்துக்கு இது ஏன் இவ்வளவு பாதகம்? அந்த எல்லையில் இரும்பு–ஆக்சிஜன்–இரும்புக் கோணம் சில இடங்களில் 180 பாகையாகிறது. நல்ல படிகத்தில் இல்லாத கோணம் அது. 180 பாகையில் எதிரெதிர்ப் பிணைப்பு மிக வலுவாக இருக்கும். எல்லைக்கு இரு பக்கமும் இருக்கும் பகுதிகள் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பப் பார்க்கின்றன. வெளியிலிருந்து நாம் புலம் கொடுத்தாலும் எல்லையை ஒட்டியவை திரும்ப மறுக்கின்றன. புலத்தைக் கூட்டக் கூட்டக் காந்தமாக்கம் எப்படி ஏறுகிறது என்று காட்டும் வளைகோடு மேலே போகப்போகத் தெவிட்டாமல் சாய்வாகவே ஏறிக்கொண்டிருக்கும். மேக்னடைட் மென்படலங்களில் இந்தப் புதிரான நடத்தைக்கு எதிர்க்கட்ட எல்லைகள்தான் காரணம் என்று 1997இல் மார்குலீஸ், பெர்கோவிட்ஸ் குழுவினர் காட்டினார்கள். அதே விஷயம் பிறகு நானோ துகள்களிலும் தெரியவந்தது.

துகளுக்குள் இந்த எல்லை எப்படி வருகிறது என்பது தயாரிப்பு முறையைப் பொறுத்தது. இரும்பு ஓலியேட்டை உயர் கொதிநிலைக் கரைப்பானில் 300 பாகை செல்சியஸ் வாக்கில் சிதைத்துத் துகள் செய்யும் முறை உண்டு. அளவு அச்சில் வார்த்தாற்போல ஒரே சீராக வரும். டெம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படம் பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை. முதலில் உருவாவது பல நேரம் வூஸ்டைட், இரும்பும் ஆக்சிஜனும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் உப்புப் படிக அமைப்பில் இருப்பது. அறை வெப்பநிலையில் அதற்குக் காந்தமில்லை. குளிர்வித்தால் எதிர்க்காந்த அணிவகுப்பு வரும், அதாவது இரண்டு சம அணிகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று முழுக்கக் கழித்துவிடும். காற்று பட்டதும் வெளித்தோல் மேக்னடைட்டாக மாறத் தொடங்கும். ஆக்சிஜன் அடுக்கு அப்படியே இருக்க, இரும்பு மட்டும் இடம் மாறிக்கொள்ளும். ஒரே துகளின் மேல் பல மூலைகளில் இந்த மாற்றம் தனித்தனியாகத் தொடங்குகிறது, ஒவ்வொன்றும் தன் போக்கில் இரும்பை அடுக்கிக்கொண்டு வருகிறது. நடுவில் சந்திக்கும்போது அடுக்கு பொருந்தாது. எல்லை பிறக்கிறது. கடைசியில் எக்ஸ்ஆர்டியில் பார்த்தால் ஸ்பினல் மட்டுமே தெரியும், டெம்மில் அழகான ஒற்றைத் துகள், வி.எஸ்.எம்.மில் மட்டும் எதிர்பார்த்ததற்கு வெகு கீழே. அங்கேயும் “அளவு காரணம்” என்று எழுதிவிட்டுப் போனால் எவ்வளவு பெரிய கதை கையை விட்டுப் போகிறது பாருங்கள்.

1981இல் மசார் சொன்ன இணைவீழ்ப்பு முறை, அதாவது நம் கல்லூரிகளில் அமோனியா ஊற்றிச் செய்வது, வேறு மாதிரி. நீரில், குறைந்த வெப்பத்தில், நொடிகளில் படிகம் விழுகிறது. ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசமில்லை. மேகமைட்டாக மாறும்போது வரும் காலியிடங்கள் வரிசையாக நிற்கலாம், சிதறியும் கிடக்கலாம். சிதறினால் உள்ளே இருக்கும் தற்சுழற்சிகளும் சாய்கின்றன. சாய்வு மேற்பரப்போடு நிற்பதில்லை, வயிற்றுக்குள்ளும் இருக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு மாறாக, 1975இல் பிளேக்மோர் அறிவித்த காந்தம் தேடும் பாக்டீரியாவைப் பாருங்கள். அது தன் உடம்புக்குள் ஒரு சவ்வுப் பையில், சாதாரண வெப்பநிலையில், நிதானமாக மேக்னடைட் படிகம் வளர்க்கிறது. பிசகே இல்லாத அளவுக்குச் சுத்தமான படிகம். அதன் சங்கிலியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமூச்சு வரும்.

“சிறியது என்றால் குறைவு” என்பதை உடைக்க நான் வகுப்பில் வைக்கும் கடைசி உதாரணம் துத்தநாக ஃபெரைட், அதாவது துத்தநாகமும் இரும்பும் சேர்ந்த ஸ்பினல் ஆக்சைடு. பெருந்திண்மத்தில் துத்தநாகம் எல்லாம் நான்முகியில், இரும்பு எல்லாம் எண்முகியில் என்று ஒழுங்காக இருக்கும். அறை வெப்பநிலையில் காந்தமாக்கம் சொல்லிக்கொள்ளும்படி இராது, 10 கெல்வின் வாக்கில்தான் எதிர்க்காந்த ஒழுங்கே வரும். இதையே நானோ துகளாகச் செய்தால் காந்தமாக்கம் கூடுகிறது! துத்தநாகத்தில் கொஞ்சம் எண்முகிக்குப் போக, இரும்பில் கொஞ்சம் நான்முகிக்கு வர, அந்த 125 பாகைப் பிணைப்பு உயிர்பெறுகிறது. மேக்னடைட்டில் கொஞ்சம் துத்தநாகம் சேர்த்தாலும் இதே போன்ற ஆச்சரியம்தான். துத்தநாகத்துக்குச் சொந்தக் காந்தம் கிடையாது, ஆனால் அது நான்முகிக்குப் போய் எதிரணியின் இரும்பை வெளியேற்றுகிறது. கழித்தலில் கழிபடும் எண் சிறிதாகிறது, மிச்சம் பெரிதாகிறது. வாய்பாட்டுக்கு 0.3 பங்கு துத்தநாகம் என்றால் கணக்குப்படி 4 என்பது 5.8 ஆக வேண்டும். இன்னும் அதிகம் சேர்த்தால் எண்முகி இரும்புகளைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் அவை சாய ஆரம்பித்து, மிச்சம் மறுபடி இறங்கும்.

அளவுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நேரடியாகக் கைவைக்கும் இடம் வேறு. ஒரு துகளின் காந்தம் மொத்தமாகத் திசை புரளத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடுப்பு, துகளின் கனஅளவோடு நேர்விகிதத்தில் இருக்கிறது. தடுப்பு வெப்ப ஆற்றலைப் போல 25 மடங்கு இருந்தால் ஒரு புரளலுக்கு ஒரு நிமிடச் சொச்சம் ஆகும். மேக்னடைட்டுக்கு அறை வெப்பநிலையில் இந்த நிலை 26 நானோமீட்டர் வாக்கில் வருகிறது. விட்டத்தைப் பாதியாக்கி 13 ஆக்குங்கள், கனஅளவு எட்டில் ஒரு பங்கு, தடுப்பு மூன்று மடங்கு சொச்சம்தான். புரளும் நேரம் நூறு நானோ நொடிக்கும் கீழே போய்விடும். ஒரு நிமிடம் எங்கே, நானோ நொடி எங்கே! வி.எஸ்.எம். அளந்து முடிப்பதற்குள் அது கோடிக்கணக்கான முறை புரண்டிருக்கும். எனவே புலத்தை அணைத்ததும் மிச்சக் காந்தம் இல்லை, வளைகோட்டில் ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் ஒன்றே, நடுவே கண்ணி இல்லை. இதுதான் சூப்பர்பாராகாந்தம். இது காந்தம் எவ்வளவு நேரம் ஒரு திசையில் நிற்கும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு காந்தம் என்பதைச் சொல்வதில்லை. சூப்பர்பாராகாந்தத் துகளுக்கு 80 ஈஎம்யூவும் இருக்கலாம், 30ம் இருக்கலாம். கட்டுரைகளில் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுகிறார்கள். சாயத்தண்ணியில் போட்டு இழுக்கிறவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகத் தேவை. புலம் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிய முதலாவது வேண்டும். வாளித் தண்ணீரிலிருந்து சீக்கிரம் வெளியே வர இரண்டாவது வேண்டும்.

என்னதான் செய்வது என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ஷெரர் அளவையும் டெம் அளவையும் பக்கத்தில் வையுங்கள். டெம்மில் 12, ஷெரரில் 6 என்றால் துகளுக்குள் எல்லையோ பிசகோ இருக்கிறதா என்று தேட வேண்டும். வளைகோடு உயர்புலத்தில் தட்டையாகிறதா, ஏறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ஏறினால் சாய்ந்த தற்சுழற்சிகளைச் சந்தேகியுங்கள். ராமன் நிறமாலை எடுத்தால் அலை எண் அச்சில் (செ.மீ.⁻¹) மேக்னடைட் 670 வாக்கில் ஒரு பெரிய உச்சி காட்டும், மேகமைட் 350, 500, 700 என்று அகலமாகக் காட்டும். லேசர் திறனைக் குறைத்தே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லேசர் சூட்டிலேயே பொடி ஹெமடைட் ஆகி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே அளக்க வாய்ப்புக் கிடைத்தால் 120 கெல்வின் பக்கம் கண் வையுங்கள். தாவும் எலக்ட்ரான்கள் குளிரில் உறைந்து நிற்பதாக 1939இல் வெர்வே சொன்ன மாற்றம் அங்கே ஒரு படியாகத் தெரிந்தால் உள்ளே நல்ல மேக்னடைட் இருக்கிறது. மாஸ்பவர் கிடைத்தால் எல்லாவற்றையும்விட நல்லது. இரண்டு இடத்து இரும்பையும் தனித்தனியாகப் பேசவைக்கும் கருவி அது. செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது: பொடியை நைட்ரஜன் அடைத்த குப்பியில் வைத்து, செய்த தேதியையும் அளந்த தேதியையும் வெளியே எழுதி ஒட்டுவது.

அந்த மாணவி இப்போது ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் கட்டுரையில் அந்த ஒரு பத்தியைத் திருத்தி எழுதவைத்தேன். பழுப்பு நிறம், டிஜிஏ திருத்தம், உயர்புலச் சாய்வு மூன்றையும் சேர்த்து அவளே எழுதிக்கொண்டு வந்தது ஒரு பக்கத்துக்கு மேல். தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டியிருந்தாள். நான் அந்தப் பருவத்தில் படித்தவற்றில் ஆகச் சிறந்த பக்கம் அது. சக தேர்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த முறை அந்த வாக்கியம் உங்கள் முன்னால் வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பொடியை மேசை மேல் எடுத்து வைக்கச் சொல்லி, செய்த அன்று என்ன நிறம், அளந்த அன்று என்ன நிறம் என்று கேளுங்கள்.